காற்றும் குளிரும் மிகுந்த இடத்துக்குப் பசுமைக்குடில்: தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பசுமைக்குடில் வாங்கக் கிளம்பும் பலரும் முதலில் கேட்பது தகட்டின், அதாவது சுவரும் கூரையுமாகப் போர்த்தும் ஒளிபுகும் பாலிகார்பனேட் நெகிழிப் பலகையின், தடிமனைத்தான். ஆறு மில்லிமீட்டரா, பத்தா, பதினாறா? குளிர் மட்டும் இருக்கிற இடத்தில் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். காற்றும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் அது நான்காவதோ ஐந்தாவதோ வர வேண்டிய கேள்வி. அடிச்சட்டம் தரையோடு சரியாகப் பிணைக்கப்படாவிட்டால், 16 மி.மீ. தகடு போட்ட குடில்கூட ஒரே புயலில் போய்விடும். போகாமல் தப்பினாலும், ஆடி ஆடி மூட்டுகள் தளர்ந்து, இடுக்குகள் வழியே சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். குடில் உறுதியாக நிற்பதும் கதகதப்பாக இருப்பதும் பெரும்பாலும் அடித்தளத்தையும், மூட்டுகளையும், தகடு சட்டத்தில் உட்காரும் விளிம்பையும் பொறுத்தவை. அதனால் இங்கே தரையிலிருந்து தொடங்கி மேலே போகிறேன்.

படி 1: உங்கள் இடத்துக் காற்றைக் கணக்கில் எடுங்கள்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரைச் சுமார் 12 கிலோ எடையளவுக்குத் தள்ளும். 100 கி.மீ. ஆனால் 48 கிலோ. 140 கி.மீ. தொட்டால் 95 கிலோ. நீங்களே கணக்குப் போடலாம்: வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி, அதன் வர்க்கத்தை 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு.

எந்த வேகத்தை எடுப்பது? சராசரியை எடுக்காதீர்கள். பக்கத்து வானிலை நிலையத்தில் பதிவான மிக உயர்ந்த வீச்சு, அதாவது சில நொடிகள் மட்டும் நீடிக்கும் உச்சவேகம், அதுதான் வேண்டும். குடிலைப் பெயர்ப்பது அந்தச் சில நொடிகள்தான். நிலையங்களில் பொதுவாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். தரை அருகே வேகம் சற்றுக் குறையும். ஆனால் உங்கள் இடம் குன்றின் முகட்டிலோ, கடலைப் பார்த்த வெட்டவெளியிலோ, இரண்டு கட்டடங்களுக்கு நடுச்சந்திலோ இருந்தால் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அங்கெல்லாம் காற்று இன்னும் வேகமெடுக்கும்.

காற்று சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கூரைக்கு மேலே வேகமாகப் போகும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சும். 2.4 × 3.6 மீட்டர் குடிலின் தரைப்பரப்பு 8.6 சதுர மீட்டர். 100 கி.மீ. வீச்சில் அந்த உறிஞ்சல் முழு அழுத்தத்தின் அளவுக்கு வந்தால் 400 கிலோவுக்கு மேலான தூக்குவிசை. சிறிய அலுமினியக் குடில் முழுவதையும் சேர்த்தாலே அந்த எடை வராது. அந்த நேரத்தில் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளும். குடில் பறந்துபோன கதைகளில் பெரும்பாலும் முதலில் திறந்தது கதவாகவோ, கழன்றது ஒரே ஒரு தகடாகவோதான் இருக்கும்.

பனிப்பொழிவு உள்ள இடமென்றால் அந்த எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக விழுந்த உலர்பனி கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. ஈரப்பனி 300 கிலோவைத் தாண்டும். அப்படியென்றால் 30 செ.மீ. ஈரப்பனி கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 100 கிலோ. காற்று பனியை வாரிக்கொண்டுவந்து ஒரே பக்கம் குவிக்கும் என்பதால் சுமை சமமாகவும் இருக்காது.

படி 2: இடமும் திசையும்

வட அரைக்கோளத்தில் குளிர்கால வெயில் தெற்கிலிருந்து தாழ்வாக வரும். அதனால் நீளப்பக்கம் தெற்கைப் பார்த்திருந்தால், அதாவது கூரையின் முகடு கிழக்கு மேற்காக ஓடினால் நல்லது. தென் அரைக்கோளத்தில் நீளப்பக்கம் வடக்கைப் பார்க்க வேண்டும். காற்றைப் பொறுத்தவரை, அடிக்கடி அடிக்கும் திசைக்குக் குறுகிய முகப்பைக் காட்டுவதுதான் சரி. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. அங்கே நான் வெயிலுக்கே முன்னுரிமை கொடுப்பேன். காற்றை வேலி போட்டுக் குறைக்கலாம். வெயிலைக் கூட்ட வழியில்லை.

வேலி என்றதும் மதில் கட்டிவிடாதீர்கள். முழுக்க அடைத்த சுவரின் மேலே ஏறும் காற்று மறுபக்கம் சுழன்று விழுந்து குடிலையே தாக்கும். பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள தடுப்புதான் வேலை செய்யும்: காற்றுத்தடுப்பு வலை, இடைவெளிவிட்ட பலகைகள், அடர்ந்த புதர்வரிசை. இப்படிப்பட்ட தடுப்பு தன் உயரத்தைப் போல 10 மடங்கு தூரம்வரை காற்றைக் குறிப்பிடத்தக்க அளவு தணிக்கும். 2 மீட்டர் வேலியென்றால் 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் குடில் இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். வேலி குடிலைவிட இருபுறமும் நீண்டிருக்கட்டும், ஏனென்றால் ஓரங்களைச் சுற்றிவரும் காற்று இன்னும் வேகமாக இருக்கும். வெயில் வரும் பக்கத்தில் வேலி வைக்க நேர்ந்தால் குளிர்கால நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள். இன்னொன்று: விழக்கூடிய பெரிய மரத்தைக் காற்றுத்தடுப்பாக நம்ப வேண்டாம்.

படி 3: அடித்தளம்

குடிலோடு வரும் மெல்லிய தகட்டு அடிச்சட்டம் அடித்தளம் ஆகாது. அதை மண்ணில் ஆணி அடித்து நிறுத்துவது அமைதியான தோட்டத்துக்குப் போதும், உங்கள் இடத்துக்குப் போதாது.

குளிர்ப்பிரதேச மண் உறையும்போது ஊதிப் பொங்கும். மேலோட்டமாக வைத்த எதையும் அது தூக்கிச் சாய்த்துவிடும். சட்டகம் சில மில்லிமீட்டர் கோணினாலே கதவு சரியாக மூடாது, கண்ணாடி என்றால் விரிசல் விடும். அதனால் கான்கிரீட் கட்டுமானம் உங்கள் பகுதியில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். அந்த ஆழம் உள்ளூர்க் கட்டட விதிகளில் இருக்கும். சுற்றிலும் அவ்வளவு ஆழம் தோண்ட முடியாவிட்டால், மூலைகளிலும் நடுவிலும் ஆழமான கான்கிரீட் தூண்கள் போட்டு அவற்றின்மேல் அடிச்சட்டத்தைப் பூட்டலாம். இரும்புத் திருகுத்தூண்களை உறையாத ஆழம்வரை முடுக்கி இறக்குவது இன்னொரு வழி. பாறை நிலம் என்றால் துளையிட்டு ரசாயனப் பசையால் நங்கூர போல்ட் பதிப்பது மிக உறுதியானது.

எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். கான்கிரீட் கனமீட்டருக்கு ஏறக்குறைய 2400 கிலோ. மேலே சொன்ன 400 கிலோ தூக்குவிசையை ஈடுகட்டவே 0.17 கனமீட்டர் தேவை. பாதுகாப்புக்காக அதைவிடத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் எடை மட்டும் இருந்து பிணைப்பு இல்லாவிட்டால் பயனில்லை. கான்கிரீட்டிலிருந்து அடிச்சட்டம், அடிச்சட்டத்திலிருந்து தூண், தூணிலிருந்து கூரைச்சட்டம் என்று ஒவ்வோர் இணைப்பிலும் போல்ட் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி வெறும் கிளிப்பாக இருந்தால் அங்கேதான் பிய்யும்.

வெப்பக்காப்பும் இங்கேயே தொடங்குகிறது. கான்கிரீட்டின் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. தடிமன் உள்ள எக்ஸ்பிஎஸ் (எளிதில் ஈரம் உறிஞ்சாத பாலிஸ்டைரீன்) நுரைப்பலகையை 40 முதல் 60 செ.மீ. ஆழத்துக்கு இறக்கிவிட்டால், வெளியே உறைந்த மண் உள்ளே உள்ள மண்ணின் சூட்டை இழுக்காது. தோண்டியிருக்கும்போதே செய்தால் சிறு வேலை. பிறகு செய்யப்போனால் குடிலைச் சுற்றி மறுபடி பள்ளம் தோண்ட வேண்டும். அடிச்சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நுரைப்பட்டையோ வெளிப்புற சீலன்டோ போட மறக்க வேண்டாம். அங்கே தெரியாமல் நிற்கும் இடுக்கு குடிலின் மொத்தச் சுற்றளவுக்கும் ஓடும்.

படி 4: சட்டகமும் வடிவமும்

அலுமினியம் துருப்பிடிக்காது, பராமரிப்பு குறைவு. ஆனால் ஒரே அளவுள்ள எஃகைவிட மூன்று மடங்கு எளிதாக வளையும். மலிவான பெட்டிகளில் வரும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த திறந்த வடிவப் பட்டைகளைக் கையால் முறுக்கிப் பாருங்கள், முறுகினால் விட்டுவிடுங்கள். 1.5 முதல் 2 மி.மீ. சுவர் உள்ள, பெட்டி வடிவக் குழாயாகச் செய்த அலுமினியம் வேறு ரகம். துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய் இன்னும் விறைப்பானது. வெட்டிய முனைகளிலும் துளைகளிலும் மட்டும் துத்தநாகப் பெயின்ட் பூசிவிட வேண்டும். இரண்டு உலோகங்களுக்கும் ஒரு பொதுக்குறை: சூட்டை வேகமாக வெளியே கடத்தும். உறைபனி இரவில் சட்டத்தின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டுவது இதனால்தான். உள்சட்டத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே நெகிழி வைத்துப் பிரித்த வகை கிடைத்தால் அதை எடுங்கள்.

மரம் சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு. கனமானது, காற்றில் அதிராது. லார்ச், சீடார் போன்ற இயல்பாகவே அழுகலைத் தாங்கும் மரமாக இருந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெய் பூசப் பொறுமையும் இருந்தால், குளிருக்கும் காற்றுக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

எந்தப் பொருளானாலும் மூலைவிட்டத் தாங்கிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாற்கரமாக நிற்கும் சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சாயும், குறுக்கே ஒரு சாய்வுக்கம்பி போட்டதும் நிற்கும். நான்கு மூலைகளிலும் கூரையிலும் இவை வேண்டும். தூண்களுக்கு இடையே உள்ள தூரம் குறையக் குறைய நல்லது, 60 செ.மீ. என்பது காற்றுப் பகுதிக்கு நல்ல அளவு.

வடிவத்தில், தாழ்வான குடில் காற்றுக்கு நல்லது, செங்குத்தான கூரை பனிக்கு நல்லது. 30 பாகைக்கு மேல் சரிவு இருந்தால் வழுவழுப்பான கூரையில் பனி பெரும்பாலும் தானே வழுக்கும். வளைவுக்குடிலில் காற்று தடையின்றி வழிந்துபோகும், ஆனால் உச்சி தட்டையாக இருந்தால் பனி தங்கும். மேலே கூம்பிய வளைவு இரண்டுக்கும் பொருந்தும். முக்கோணங்களால் ஆன கோளக்கூரை மிக உறுதியானது, ஆனால் மூட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றும் காற்று கசியக்கூடிய இடம். அதைக் கட்டுவோரின் கைத்திறனைப் பொறுத்தே கதகதப்பு அமையும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் உருவான பாலிக்ரப் என்ற குடிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மரம்கூட எளிதில் வளராத அளவுக்குக் காற்று அடிக்கும் அந்தத் தீவுகளில், சால்மன் மீன் பண்ணைகளில் கழித்துவிடும் தடித்த குழாய்களை வளைவுகளாக நிறுத்தி, மேலே பாலித்தீனுக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் தகட்டைப் போர்த்தினார்கள். குழாய் சற்று வளைந்துகொடுக்கும், தகடு கிழியாது. காற்றோடு மல்லுக்கட்டும் எவரும் படிக்க வேண்டிய வடிவமைப்பு.

படி 5: தகடு எது, அதைப் பிடிப்பது எது

வெப்ப இழப்பை அளக்க யு மதிப்பு என்ற எண் உண்டு. ஒரு பாகை செல்சியஸ் வெப்ப வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பது அது. எண் குறைந்தால் காப்பு அதிகம். ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7. இரண்டு மெல்லிய சுவர்களுக்கு நடுவே வெற்று அறைகள் ஓடும் இரட்டைச்சுவர்ப் பாலிகார்பனேட்டில் 4 மி.மீ. என்றால் 3.9, 6 மி.மீ. 3.5, 10 மி.மீ. 3.0. மூன்று சுவர் கொண்ட 16 மி.மீ. தகடு 2.3 அளவில் நிற்கும். நடுவே காற்று ஊதிய இரட்டைப் பாலித்தீன் 4.0-க்குப் பக்கத்தில் இருக்கும்.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். நம் 2.4 × 3.6 மீட்டர் குடிலின் சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 33 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 10, உள்ளே 5 பாகை வேண்டும், அதாவது வித்தியாசம் 15. ஒற்றைக் கண்ணாடி என்றால் ஒவ்வொரு கணமும் 2800 வாட் போகும். 10 மி.மீ. தகட்டில் 1485 வாட். 16 மி.மீ. தகட்டில் 1140. பதினான்கு மணி நேர இரவுக்கு முறையே 39, 21, 16 யூனிட் மின்சாரம்.

இப்போது இடுக்குகளைச் சேருங்கள். உள்ளே இருக்கும் 18 கனமீட்டர் காற்று மணிக்கு ஒருமுறை மாறினால் இழப்பு 90 வாட்தான். தளர்ந்த குடிலில் பலத்த காற்றின்போது மணிக்கு ஆறுமுறை மாறினால் 535 வாட். 445 வாட் கூடுதல்! 10 மி.மீ. தகட்டிலிருந்து 16 மி.மீ. தகட்டுக்கு மாறி நாம் மிச்சம் பிடித்தது 345 வாட்தானே. தடித்த தகட்டுக்குச் செலவழித்ததை இடுக்குகள் வட்டியோடு எடுத்துக்கொண்டுவிட்டன. அதனால் 16 மி.மீ. தகடு போட்ட தளர்ந்த குடிலைவிட, 10 மி.மீ. தகடு போட்ட இறுக்கமான குடிலே எனக்குச் சரியான தேர்வு. இறுக்கமும் 16 மி.மீ.யும் சேர்ந்து கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். சுவர்கள் கூடக்கூட வெளிச்சம் ஓரளவு குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

4 மி.மீ. தகடு காற்றுள்ள இடத்துக்கு வேண்டவே வேண்டாம். அது நடுவில் வளையும், வளையும்போது விளிம்பு பள்ளத்திலிருந்து நழுவும், வில் கிளிப்புகள் தெறிக்கும். குறைந்தது 8, முடிந்தால் 10 மி.மீ. விளிம்பு சட்டத்துக்குள் 20 மி.மீ. அளவுக்குப் போயிருக்க வேண்டும், நீளம் முழுக்க மூடுபட்டையும் ரப்பர் கேஸ்கெட்டும் போட்டு ஸ்க்ரூவால் இறுக்கியிருக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளிப் மாட்டும் முறையைப் பார்த்தால் அடுத்த மாதிரிக்குப் போய்விடுங்கள்.

பாலிகார்பனேட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும்: மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 0.065 மி.மீ. 2 மீட்டர் தகடு 40 பாகை வித்தியாசத்தில் 5 மி.மீ.க்கு மேல் மாறும். ஸ்க்ரூ துளைகளைப் பெரிதாக்கி அகன்ற வாஷர் போடாவிட்டால் துளையைச் சுற்றி விரிசல் வரும். புறஊதாப் பூச்சு உள்ள முகம் வெளியே. உள்ளறைகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மேல்முனைக்குக் காற்றுப்புகாத டேப், கீழ்முனைக்கு நீராவியை மட்டும் விடும் டேப். இந்த நான்கையும் கவனிக்காத குடிலில் தகட்டுக்குள் பாசி பிடித்து வெளிச்சம் மங்குவதைப் பார்க்கலாம்.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் 4 மி.மீ. டஃபன்டு (சூடாக்கி உறுதியேற்றிய) கண்ணாடி எடுக்கட்டும். சதுர மீட்டருக்கு 10 கிலோ கனம், அது காற்றுக்கு நல்லதே. ஒற்றை அடுக்காக விட்டால் இரவில் இழப்பு மிக அதிகம் என்பதை மேலே பார்த்தோம்.

படி 6: கதவும் ஜன்னலும்

கதவு காற்று அடிக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சறுக்குக் கதவு தண்டவாளத்திலிருந்து தாவும், சுற்றிலும் கசியும். பனி உறைந்தால் நகராது. மூன்று கீல், மேலும் கீழும் தாழ்ப்பாள், சுற்றிலும் ரப்பர் பட்டை உள்ள கீல் கதவே மேல். திறக்கும்போது காற்று பிடுங்காமல் இருக்க ஒரு சங்கிலி அல்லது நிறுத்தக்கம்பி போடுங்கள்.

எவ்வளவு குளிரானாலும் ஜன்னல் வேண்டும். காப்பு நன்றாக இருக்கும் குடிலில் குளிர்கால வெயில்கூட 30 பாகைக்கு மேல் ஏற்றிவிடும். ஈரம் வெளியேறாவிட்டால் சாம்பல் பூஞ்சணம் வரும். தரைப்பரப்பில் 15 முதல் 20 சதவீதம் அளவுக்குத் திறப்புகள் வேண்டும் என்பது பொதுவான அளவு. அவை காற்றுக்கு மறைவான சரிவில் இருக்கட்டும். மெழுகு உருகித் தானாகத் திறக்கும் கருவி வசதியானது, ஆனால் திடீர்க் காற்று வந்தால் அது உடனே மூடாது. புயல் எச்சரிக்கை வரும்போது கழற்றிப் பூட்டிவைக்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாய்வுப்பட்டை ஜன்னல்களைத் தவிர்க்கலாம், அவை மூடியிருக்கும்போதும் கசியும்.

படி 7: கூடுதல் கதகதப்பு

வெயில் வராத பக்கத்தை எதற்கு ஒளிபுகும் தகடாக வைக்க வேண்டும்? லடாக்கின் பசுமைக்குடில்களில் தெற்கு முகத்தில் மட்டும் பாலித்தீன். மற்றப் பக்கங்களில் தடித்த மண்கல் சுவர், இரண்டு சுவருக்கு நடுவே வைக்கோல் போன்ற காப்பு. வட சீனத்தில் விவசாயிகள் வடக்கே கனத்த சுவர் எழுப்பி, மாலையில் கூரைமேல் போர்வையை உருட்டிவிட்டுக் காலையில் சுருட்டுகிறார்கள். அந்த வடக்குச் சுவர் காற்றுக்கும் அரண், பகல் சூட்டைச் சேர்த்துவைக்கும் இடமும்கூட. முழுச்சுவர் கட்ட முடியாவிட்டாலும், அந்தப் பக்கத்தில் 5 செ.மீ. நுரைப்பலகை வைத்து உட்புறம் வெள்ளையடித்தால் வித்தியாசம் தெரியும்.

உள்ளே இரவுத்திரை போடுவது அடுத்த நல்ல செலவு. அலுமினிய இழை கலந்த திரையைக் கூரைக்குக் கீழே இழுத்து மூடினால் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையலாம், ஓரங்களில் இடைவெளி இல்லாமல் மூடினால்தான். ஒற்றைக் கண்ணாடிக் குடில் ஏற்கனவே இருப்பவர்களுக்குப் பெரிய குமிழ் உள்ள தோட்டப் பபிள் ரேப் போதும்.

தண்ணீர்ப் பீப்பாய்களைப் பற்றிப் பெரிய நம்பிக்கைகள் உலவுகின்றன. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 10 பாகை குளிர்ந்தால் வெளிவிடும் வெப்பம் 2.3 யூனிட். நம் குடிலுக்கு ஓர் இரவுக்குத் தேவை 21. கடுங்குளிரில் ஹீட்டருக்கு ஈடாகாது, ஆனால் விடியற்காலையின் கடைசிச் சரிவை மென்மையாக்கும். எரிவாயு, மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்தால் புகையும் நீராவியும் போக வழி வைத்தே தீர வேண்டும். மூடிய குடிலில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

படி 8: வாங்கும் முன், நிறுத்திய பின்

விற்பவரிடம் "எவ்வளவு காற்று தாங்கும்?" என்று மட்டும் கேட்டால் ஒரு எண் வரும். அது வீச்சுவேகமா சராசரியா, எந்த அடித்தளத்தில், கதவு மூடியிருந்தபோதா, பனிச்சுமை சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவில் வணிகக் குடில்களுக்கு ஈஎன் 13031-1 என்ற தரநிலை உண்டு. வீட்டுத் தோட்டக் குடில் அந்தக் கணக்கில் செய்யப்பட்டிருந்தால் தாளில் குறிப்பிடுவார்கள். உத்தரவாதத்தில் காற்றுச் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் படியுங்கள். உதிரித் தகடும் கேஸ்கெட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதும் முக்கியம்.

அமைதியான நாளில் நிறுத்துங்கள். தகடு பாதி மாட்டிய குடில் காற்றில் பாய்மரம்தான். தகடு மாட்டுமுன் சட்டகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்குங்கள். முடிந்ததும் இரவில் உள்ளே விளக்கை வைத்து வெளியே நின்று இடுக்குகளைத் தேடுங்கள். காற்றடிக்கும் நாளில் ஊதுவத்திப் புகையை மூட்டுகளின் அருகே கொண்டுபோனால் கசிவு தானே காட்டிக்கொடுக்கும். முதல் பெருங்காற்றுக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள், ஏனென்றால் புதிய மூட்டுகள் அதில்தான் முதல்முறை தளரும். கூரையில் பனி சேர்ந்தால் மென்மையான துடைப்பத்தால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கக் காலிசெய்தால் மறுபக்கச் சுமை சட்டகத்தைக் கோணலாக்கிவிடும்.